பிறர் தொடங்கிய மருந்து

அவர் கேட்கும் முதல் கேள்வி உடம்பைப் பற்றியதாக இருக்காது. நோயாளி நாற்காலியில் அமர்ந்து, கொண்டுவந்த மருந்துப் பையை மேசைமீது வைத்ததும் அதைத் தம் பக்கம் இழுத்துக் கவிழ்ப்பார். அட்டைகளும் டப்பாக்களும் எவர்சில்வர் தட்டில் விழும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்து வெறுங்கண்ணால் படிப்பார். பிறகு இரண்டு குவியலாகப் பிரிப்பார். தாம் எழுதியவை வலப்பக்கம், மற்றவை இடப்பக்கம். இடப்பக்கக் குவியலின்மேல் விரலை வைத்து, "இத தொடங்கினது யாரு மக்களே?" என்பார்.

நாகர்கோவில் பக்கத்தில் அன்பாக அழைக்கும் சொல் அது. அவருக்கு நானும் மக்களே, நரைத்த மீசையோடு வந்த போர்மேன்களும் மக்களே. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். அவருடைய பெயர் கதவில் மூன்று மொழிகளில் இருந்தது. அதைச் சொல்லி அழைத்தவர் எவரையும் நான் அறியேன்.

கிளினிக் அஜ்மானில், எங்கள் குடியிருப்புக்கு எதிரே, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மாடியில் இருந்தது. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்களின் குடும்பங்கள் அங்கு வந்தன. விடுமுறை நாளில் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து ஆண்கள் வந்தார்கள். எங்களைப் போன்றவர்களின் காப்பீட்டு அட்டை பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் செல்லாது. அங்கெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அது. கூட்டம் மிகும் மாலைகளில் அடுத்த நோயாளியையும் உள்ளேயே ஒரு பெஞ்சில் அமர்த்திவிடுவார். அதனால் அங்கு யாருக்கும் இரகசியம் என்று ஒன்றும் இருந்ததில்லை.

அப்படி ஒரு மாலையில் நான் தொண்டைவலியோடு பெஞ்சில் இருந்தபோது, இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் அவர் முன் அமர்ந்திருந்தார். கிரேன் ஓட்டுகிறவர்.

"தலை சுத்துது டாக்டரம்மா. மேல ஏறி உக்காந்தா கிரேன் நிக்குது, ஊரு சுத்துது."

"சுத்தாம பின்ன? இத தொடங்கினது யாரு?"

"கேம்ப் டாக்டரு."

"இத?"

"அது ஷார்ஜால, ஹார்ட் டாக்டரு."

"கேம்ப் டாக்டர் குடுத்தத ஹார்ட் டாக்டர்ட்ட காட்டினியளா?"

"அவரு கேக்கலியே."

"நீங்க சொல்லலாம்லா?"

"அவ்வளவு படிச்சவரு, அவருக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன்."

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினார். "ரெண்டும் ஒரே சாமான் மக்களே. ஒரே ஆளு சட்டைய மாத்திட்டு வந்து ரெண்டு தடவ சம்பளம் வாங்கிட்டுப் போறான். பிரஷர் எறங்கிக் கெடக்கு. தல சுத்தாம என்ன செய்யும்?"

"அப்ப எத நிறுத்தணும்?"

எந்த மருத்துவரும் அந்த இடத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டியிருப்பார். டாக்டரம்மாவோ தொலைபேசியை எடுத்தார். "அத தொடங்கினவரு சொல்லணும்" என்றார். ஷார்ஜா மருத்துவமனையின் காத்திருப்பு இசை ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டேயிருந்தது. வெளியில் குழந்தைகள் அழுதன. செவிலியாக இருந்த மலையாளச் சகோதரி இருமுறை கதவைத் திறந்து பார்த்து, இருமுறையும் பெருமூச்சோடு மூடிவிட்டுப் போனார். டாக்டரம்மா நாற்காலியில் சாயாமல், பேனாவை மூடாமல் காத்திருந்தார். இதய மருத்துவர் இணைப்பில் வந்து ஒரு சொல்லில் முடித்துவைத்த பிறகே ஓர் அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார்.

அந்த மனிதர் படியிறங்கும்போது நண்பரிடம் சொன்னதை நானும் கேட்டேன். "இந்தம்மாட்ட வந்தா மருந்து கெடைக்காதுப்பா, அட்ரஸ்தான் கெடைக்கும்." சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு தம் கேம்ப்பிலிருந்து பலரை அவரே அழைத்து வந்தார்.

பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்கள் நோயாளியின் கையில் கொடுத்தனுப்பும் கடிதங்களின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: குடும்ப மருத்துவர் தொடரலாம். அந்த வரியை மட்டும் அவர் உரக்கப் படிப்பார். "தொடரலாமாம். பொண்ணு பாத்தது அவரு, தாலி கட்டினது அவரு, குடித்தனம் நடத்துகது மட்டும் நானாம்" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். தம் கையாலேயே பதில் எழுதி, உறையிலிட்டு, நோயாளியிடமே கொடுத்தனுப்புவார். மருந்தை ஆரம்பித்தவர்தான் அதற்குரிய பரிசோதனையையும் பார்த்து, அடுத்த சீட்டையும் எழுத வேண்டும் என்பது அக்கடிதங்களின் சாரம். அவற்றுக்குப் பதில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு அம்மை கண்டிருந்தபோது, கிளினிக் மூடியதும் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். லிப்ட் பழுதான நாளில் ஐந்து மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார். என் தலைமாட்டில் கிடந்த நாவலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து படித்தார்.

"டாக்டர் ஆன்ட்டி, முடிவ முதல்ல படிச்சா கதை கெட்டுப் போயிடும்."

"ஆரு இருக்கா, ஆரு போறான்னு தெரியாம எனக்கு ஒரு பக்கம் ஓடாது மக்களே" என்றார். புத்தகத்தை மூடி, அந்தக் கதாநாயகி பிழைத்துவிடுவாள் என்று எனக்கே ஆறுதல்போலச் சொல்லிவிட்டு, என் நாக்கை நீட்டச் சொன்னார்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா ஒருமுறை அவரிடம் கேட்டார். எங்கள் சமையலறை வாசலில் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவர், அதற்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. முன்பு ராஸ் அல் கைமாவில் பணிபுரிந்தபோது, தேயிலைத் தோட்ட ஊரான ஹட்டனிலிருந்து வீட்டு வேலைக்கு வந்திருந்த பெண்ணொருத்தி மூட்டுவாதத்துக்காக அவரிடம் வந்துகொண்டிருந்தாளாம். மருந்தைப் பரிந்துரைத்தவர் துபாயில் ஒரு நிபுணர். வேலைக்காரப் பெண்ணால் மாதந்தோறும் துபாய் போக முடியாது. ஆகவே டாக்டரம்மா அந்த மருந்தைத் தொடர்ந்து எழுதிக் கொடுத்தார். இரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று இடையிடையே பார்க்க வேண்டிய மருந்து அது.

"அவரு பாப்பாருன்னு நான் நெனச்சேன். நான் பாப்பேன்னு அவரு நெனச்சாரு" என்றார். "அந்தப் பிள்ள ரெண்டு பேரயும் நம்பிச்சு. வாயெல்லாம் புண்ணோட வந்து நிக்கும்போ ரத்தத்துல ஒண்ணுமே மிச்சம் இல்ல. பெட்டியில போட்டு ஹட்டனுக்கு அனுப்பினோம். சீட்டுல எனக்க கையெழுத்து."

வெந்நீரை முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அன்னைக்கு முடிவு பண்ணினேன். நான் தொடங்காத மருந்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அம்மா அந்தப் பதிலில் உருகிப்போனார். இப்படியொரு டாக்டர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அன்று இரவு அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். அவருக்கும் அப்போது டாக்டரம்மாமீது பெரிய மதிப்பு இருந்தது.

அப்பாவின் நோயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் போர்மேனாக இருந்தார். நான் சிறுமியாக இருந்தபோது, ஓராண்டின் தொடக்கத்தில் அவர் உறங்குவதை நிறுத்தினார். வாகன நிறுத்துமிடத்தில் அறிமுகமற்றவர்களைக் கூட்டிவைத்து, இந்தப் பாலைவனத்துக்கு அடியில் ஓடும் ஆறொன்றைத் தாம் வெளியே கொண்டுவரப் போவதாகப் பேசினார். சில மாதங்கள் கழித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழவில்லை. ஊருக்கு அழைத்துப் போய்த் திருச்சியில் காட்டினோம். பிறகு துபாயில் ஒரு மனநல நிபுணர் பொறுப்பேற்றார். லித்தியம் என்ற மருந்து அவரை எங்களுக்குத் திருப்பித் தந்தது. மீண்டும் வேலைக்குப் போனார், சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொன்னார், என் மதிப்பெண் அட்டையைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். அந்த மாத்திரை நின்றால் அப்பா நிற்க மாட்டார் என்பது எங்கள் வீட்டில் மூவருக்கும் தெரிந்திருந்தது. வெளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் கம்பெனி அவரை வெடிமருந்து வைக்கும் இடத்தருகே விடாது.

காப்பீட்டுத் திட்டம் மாறிய ஆண்டில் துபாய் நிபுணரைப் பார்ப்பது கடினமாயிற்று. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும், லீவு எடுக்க வேண்டும், லீவு எதற்கு என்று சொல்ல வேண்டும். நிபுணர் நல்லவர். நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு கடிதம் தந்தார்: நோயாளி நலமாக இருக்கிறார், இதே அளவு தொடரட்டும், மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் குடும்ப மருத்துவர் கவனித்துக்கொள்ளலாம்.

அக்கடிதத்தோடு நாங்கள் மூவரும் கிளினிக்குக்குப் போனோம். அப்பாவின் நோயை டாக்டரம்மா அன்றுதான் அறிந்தார். பெஞ்சில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கடிதத்தை இருமுறை படித்தார். கடைசி வரியை உரக்கப் படிக்கவில்லை.

"இது உப்பு மாதிரி ஒரு மருந்து" என்றார். "கொறஞ்சா சொகமில்ல, கூடினா வெஷம். ரெண்டுக்கும் நடுவுல விரலு நொழையாது. ரத்தத்த பாக்கவரு தான் எழுதணும், எழுதவரு தான் பாக்கணும். இத ரெண்டு பேருக்க கையில குடுக்கப்படாது."

"ஒரே கையில இருக்கட்டும் டாக்டர்" என்றார் அப்பா. "உங்க கையில."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அப்பாவை அவருக்குப் பிடிக்கும். குவாரியிலிருந்து வரும்போது விதவிதமான வரிகள் ஓடிய கற்களைக் கொண்டுவந்து அவருடைய மேசையில் வைப்பார் அப்பா.

"எனக்க கையில இது தொடங்கல" என்றார் கடைசியில்.

அம்மா, "அவரே நீங்க பாக்கலாம்னு எழுதிருக்காருல்ல டாக்டர்?" என்றார்.

"அவரு எழுதலாம். அதுக்கு நான் சம்மதிக்கணும்லா? பேசி வச்சுக்கிட்டு குடுத்தா அது வேற. இது சும்மா தூக்கி அடுத்த வீட்டு முற்றத்துல போடுகது. நான் அவருக்குக் கடிதம் எழுதித் தாறேன். அவரே வச்சுப் பாக்கட்டும். அதான் உங்களுக்கு நல்லது."

விதிப்படி அவர் அம்மருந்தை எழுதலாமா கூடாதா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை. அவர் விதியைக் காரணம் காட்டவில்லை. அவர் எழுதிய கடிதத்தை அம்மா துபாய்க்கு அனுப்பினார். வழக்கம்போல் பதில் இல்லை.

அன்று கிளினிக் படியிறங்கும்போது அப்பா கண்ட காரணம் வேறு. "காய்ச்சலுக்கு எழுதுவாங்க, கிறுக்குக்கு எழுத மாட்டாங்க." அம்மா அவர் கையைப் பிடித்தார். அவர் உதறிக்கொண்டார்.

வளைகுடாவில் வாழ்கிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று எப்போதும் உண்டு. யாராவது ஒருவர் ஊரிலிருந்து லீவு முடிந்து வந்துகொண்டே இருப்பார். அவருடைய பெட்டியில் அடுத்தவர்களுக்கான பொட்டலங்கள் இருக்கும். அப்பளத்துக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே மாத்திரைகளும் வரும். திருச்சியில் என் மாமா, பழைய சீட்டைக் காட்டி லித்தியம் வாங்கினார். விமான நிலையத்தில் கேள்வி வரக்கூடாது என்று, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, விட்டமின் டப்பா ஒன்றில் நிரப்பிக் கொடுத்தனுப்பினார். கொண்டுவருகிறவருக்கும் அது சத்து மாத்திரை என்றே சொல்லப்பட்டது. நாளடைவில் எங்கள் வீட்டிலும் அதற்கு அதுவே பெயராயிற்று. "சத்து மாத்திரை போட்டாச்சா?" என்று அம்மா அறைக்குள்ளிருந்தே கேட்பார். இரத்தப் பரிசோதனை செய்ய யாரும் இல்லை. அதை எழுதித் தருவதற்கு ஒரு மருத்துவர் வேண்டும். ஊரிலிருந்து வரும் பெட்டியில் மருத்துவர் வருவதில்லை.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. அப்பா நன்றாக இருந்தார்.

நான் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தபோது, கோடையின் உச்சத்தில், அவருக்கு முழங்கால் வலி வந்தது. நண்பகலில் வெளிவேலை கூடாது என்பது சட்டம். ஆனால் காலை வெயிலே குவாரியில் கல்லைத் தொட விடாது. சட்டையில் உப்பு வரிவரியாகக் காய்ந்து திரும்புவார். ஒரு மாலை வேலையிலிருந்து நேராகத் தனியாகவே கிளினிக்குக்குப் போனார். அங்கு நடந்ததைப் பின்னர் அவரே எங்களுக்குச் சொன்னார்.

பையில்லாமல் போயிருந்ததால் தட்டில் கவிழ்க்க ஒன்றுமில்லை. டாக்டரம்மா முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "வேற என்ன மருந்து திங்கிய?" என்று கேட்டார்.

"சத்து மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

"பழசு? துபாய் டாக்டர் எழுதுகாரா?"

"ஆமா, அவரு பாத்துக்கறாரு" என்றாராம் அப்பா. பிறகு, அவர் நம்பாததுபோல் பார்க்கவே, "அதெல்லாம் இப்ப நிறுத்தியாச்சு டாக்டர், நல்லாயிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார். ஊரிலிருந்து மாத்திரை வருவதைச் சொன்னால் திட்டுவார், சொல்லாவிட்டால் முழங்கால் வலிக்கு மட்டும் மருந்து கிடைக்கும். அவ்வளவுதான் கணக்கு. பெஞ்சில் வேறு அவருடைய சைட் ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா வலி மாத்திரை எழுதினார். கடைகளில் யாரும் வாங்கித் தின்னும் சாதாரண மாத்திரைதான். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். அந்த மாத்திரையும் வியர்வையில் வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது என்று, அப்பா லித்தியம் தின்பது தெரிந்திருந்தால், அவர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

முதலில் தேநீர் சிந்தியது. பிறகு வாந்தி. வெயில் தாக்கியிருக்கிறது என்று சைட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்கால் வலி குறைந்ததால் அப்பா வலி மாத்திரையை விடவில்லை. சத்து மாத்திரையையும் விடவில்லை. ஒரு காலையில் பல் துலக்க நின்றவர், பிரஷ் வாய்க்குப் போகாமல் காதருகே போவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அம்மாவை ஏதோ சொல்லி அழைத்தார். சொல் குழைந்து விழுந்தது. அப்படியே வாசற்படியில் சரிந்தார்.

அரசு மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுக் கழுவினார்கள். இளம் மருத்துவர் ஒருவர், வீட்டிலிருக்கும் எல்லா மருந்துகளையும் கொண்டுவரச் சொன்னார். அம்மா இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்: விட்டமின் டப்பா ஒன்று, கிளினிக்கின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்று.

கிளினிக்குக்கு மதிய இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில் டாக்டரம்மா வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தார். துபாய் நிபுணரும் தகவல் அறிந்து வந்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவ்விருவரும் நேரில் சந்தித்தது அதுவே முதல்முறை. ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். நான் கடிதத்தில் எழுதியிருந்தேனே என்றார் அவர். நானும் எழுதியிருந்தேன் என்றார் இவர். இருவர் குரலிலும் கோபமில்லை. இரண்டு கடிதங்களும் உண்மையிலேயே எழுதப்பட்டவை, இரண்டும் சரியானவை. அவர்களுக்கு நடுவே அப்பா, கட்டிலின் கம்பியைப் பற்ற முயன்று, பற்ற முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் டாக்டரம்மா சிறு மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தார். எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. ஸ்டிக்கரில் இருந்தது தம் பெயர் என்று தெரிய அவருக்கு அது தேவைப்படவில்லை. நிபுணரிடம் திரும்பி, இது நான் எழுதியது என்றார். உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று நிபுணர் மென்மையாகச் சொன்னார்.

அம்மாவுக்கு அவர்களுடைய ஆங்கிலம் முழுதும் புரியவில்லை. ஆனால் அட்டை யார் கையில் இருக்கிறது என்பது புரிந்தது.

"நீங்க எழுத மாட்டேன்னு சொன்னீங்களே, அந்த மருந்து இத்தனை வருஷமா அவர ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்றார். "நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அதுதான் கொண்டுவந்து படுக்க வச்சிருக்கு."

மருத்துவப்படி அந்த வாக்கியம் முழுமையானதல்ல. அதைத் திருத்தக்கூடிய இரண்டு மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். இருவரும் திருத்தவில்லை.

அப்பாதான் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் ஈரத் துணியைப்போல் பிழிந்து எடுத்தார். "நா... மறைச்சேன்... டாக்டர்."

"மறைக்கிற மாதிரி நாந்தானே வச்சிருந்தேன்" என்றார் டாக்டரம்மா. அவர் அழவில்லை. அட்டையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மாலைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

அப்பா பிழைத்தார். லித்தியத்தை நிறுத்தி, வேறொரு மருந்தைத் தொடங்கினார்கள். மனம் தேறியது. நடையும் பேச்சும் கையும் திரும்பவில்லை. மூளையின் பின்புறத்தில் அதற்கான இடம் கருகிவிட்டது என்று சொன்னார்கள். கம்பெனி மரியாதையாகவே விசாவை ரத்து செய்தது. நாங்கள் கிளம்பும்வரை இருந்த வாரங்களில் புதிய மருந்துக்கான சீட்டுகளையெல்லாம் டாக்டரம்மா தாமே எழுதினார். நிபுணரின் கடிதத்தைக் கேட்கவுமில்லை. எழுதும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

பின்னொரு நாள் மலையாளச் சகோதரி என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "இப்ப டாக்டர் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல மோளே. யார் எந்தப் பேப்பர் கொண்டுவந்தாலும் எழுதிக் கொடுக்கும். பேஷன்ட் எல்லாருக்கும் சந்தோஷம்." எனக்கு அந்தக் கிரேன் ஓட்டுநரின் நினைவு வந்தது. அவர் இப்போது டாக்டரம்மா முன் போய் அமர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்குமேல் எண்ண விரும்பவில்லை.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். நான் இங்கே இலக்கியம் படிக்கிறேன். அப்பாவின் சிறுநீரகம் பாதி அளவில்தான் வேலை செய்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். எந்த மாதம் பரிசோதனை என்பது டாக்டரம்மாவுக்கு எப்படியோ நினைவிருக்கிறது. சொல்லிவைத்தாற்போல் அழைத்துவிடுவார். திரையில் அவர் பெயரைக் கண்டதும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார். அப்பா தம் நடுங்கும் கையால் போனை நோக்கிச் சைகை காட்டுவார். அவருக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

சென்ற முறை நான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பா தண்ணி நல்லா குடிக்காவளா மக்களே?"

"குடிக்கிறாங்க."

"வலி மாத்திரை ஏதும் திங்கலல்லா?"

"இல்ல ஆன்ட்டி."

"நம்பரு என்ன வந்துச்சு?"

சொன்னேன். போன தடவை இருந்த அதே எண்தான். மறுமுனையில் அவர் அதைக் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, மூச்சை இறக்கிவைப்பதுபோல், "செரி மக்களே" என்றார். அப்பா சிரித்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல் உருவாவதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

சமையலறைக்குப் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"நம்பர் கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன். கூடலன்னதும் அவங்களுக்கு நிம்மதி."

அம்மா அடுப்பைத் தணித்தார். கரண்டியைக் கழுவினார். துடைத்து, மாட்டுமிடத்தில் மாட்டினார். பிறகு திரும்பாமலே, உப்போ காரமோ சொல்வதுபோன்ற சாதாரணக் குரலில் சொன்னார்:

"அடுத்த தடவ நம்பர கூட்டிச் சொல்லு."